நெல்லு போன வண்டி

மாசி, பங்குனி மாசத்துல எங்க டெல்டா பக்கத்து பேப்பர்ல அடிக்கடி ஒரு சின்ன செய்தி வரும். நீடாமங்கலத்துல இருந்து இன்ன ஊருக்கு 2,000 டன் நெல் அரவைக்காக சரக்கு ரயில்ல அனுப்பி வைக்கப்பட்டதுன்னு நாலு வரி. ஊர் பேரு மட்டும் மாறும். ஒரு நாள் தர்மபுரி, ஒரு நாள் ஈரோடு, ஒரு நாள் திருநெல்வேலி. உள்ளூர்க்காரங்களே அதைப் படிக்க மாட்டாங்க. நானும் முப்பது வருசமா நெல்லு போட்டு வித்துக்கிட்டு இருக்கேன். அந்த வண்டிய ஒரு தடவை கூட நின்னு பார்த்ததில்ல. ரயில்வே கேட்டு மூடியிருந்தா வண்டிய ஆஃப் பண்ணிட்டு, எப்படா போவும்னு நிக்கிறதோட சரி.

இந்தத் தடவை அந்த வண்டி பின்னாலயே ஒரு நாள் முழுக்க சுத்தினேன். காரணம் ரெண்டு.

ஒண்ணு, என் தங்கச்சி மகன். சென்னையில கம்ப்யூட்டர் வேலை. ரயில்னா அவனுக்கு உசுரு. லீவு விட்டா பெரிய கேமராவ கழுத்துல மாட்டிக்கிட்டு எங்கயாவது தண்டவாளத்து ஓரமா போயி நிப்பான். அமெரிக்காவுல சின்னச் சின்ன ரயில் கம்பெனிங்க இருக்காம். அம்பது அறுபது மைலுக்குள்ளயே சரக்கு ஏத்தி இறக்குற வண்டிங்க. அதைக் காருல துரத்திக்கிட்டே போயி, முன்னால போயி நின்னு படம் எடுக்குறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்குதுன்னு சொன்னான். "நாமளும் துரத்துவோமா மாமா? நீங்க வண்டி ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்து படம் எடுக்குறேன்"ன்னான்.

ரெண்டாவது காரணம் நெல்லு. சம்பாவுல ரெண்டு ஏக்கர் சாவித்திரி போட்டிருந்தேன். விதை மூட்டையில சிஆர் 1009ன்னு போட்டிருக்குமே, அதான். அறுத்து, காய வச்சு, எங்க பக்கத்து கொள்முதல் நிலையத்துல 112 சிப்பம் போட்டேன். சிப்பம்னா 40 கிலோ பிடிச்சு வாய் தைச்ச சாக்கு. 2025-26 சீசன்ல பொது ரகத்துக்கு குவிண்டாலுக்கு 2,500 ரூபா. அதனால கணக்கு சுலபம், சிப்பம் ஆயிரம் ரூபா. பணம் பேங்குல ஏறிடுச்சு, அதுல குறை இல்ல. ஆனா நெல்லு நகரல. நிலையத்து வாசல்ல அட்டி அட்டியா அடுக்கி, மேல படுதா போட்டு, 17 நாள் கிடந்துச்சு. நடுவுல ரெண்டு ராத்திரி மழை.

வித்த நெல்லுதானே, காசு வாங்கியாச்சு, நமக்கென்னன்னு படுத்துத் தூங்கலாம். தூக்கம் வரல. டார்ச்ச எடுத்துக்கிட்டு, படுதா விலகியிருக்கான்னு பாக்கப் போனேன். அங்க எனக்கு முன்னாலயே ரெண்டு பேரு நின்னாங்க. அவங்களும் வித்தவங்கதான். யாரும் யாரையும் ஒண்ணும் கேட்டுக்கல. மூணு பேருமா சேந்து படுதா மேல ரெண்டு கல்ல தூக்கி வச்சிட்டு வந்தோம்.

கடைசியா லாரி வந்து ஏத்துச்சு. எங்க போவுதுன்னு டிரைவரக் கேட்டேன். நீடாமங்கலம் கூட்ஸ் ஷெட்டுன்னாரு. அந்த வாரமே மாப்ளயும் வந்து இறங்கினான். சரி வாடான்னு கிளம்பிட்டேன்.

காலையில ஆறரை மணிக்கு நீடாமங்கலம் போயிட்டோம். பனி இன்னும் இறங்கிக்கிட்டு இருந்துச்சு. வெண்ணாறு மூணாப் பிரியுற மூணாறு தலைப்பு இந்த ஊருக்குப் பக்கத்துலதான். ஆத்துத் தண்ணி இங்கதான் பங்கு பிரியும். நெல்லு வண்டி ஏறுறதும் இதே ஊர்தான்.

போறதுக்கு முன்னாலயே மாப்ள ரெண்டு சட்டம் போட்டுட்டான். தண்டவாளத்துல கால் வைக்கக் கூடாது, அது குற்றம். மேல போற கம்பியில 25,000 வோல்ட் ஓடுது, பக்கத்துல எதையும் நீட்டக் கூடாது. ரோட்டுல நின்னு, கேட்டுல நின்னு எடுக்குறதுதான் படம். அதுபடியே வெளிய வேலிப் பக்கமா நின்னுக்கிட்டோம்.

அங்க நின்ன கூட்டத்தப் பார்த்து எனக்கே மலைப்பா இருந்துச்சு. 42 வேகன் வரிசையா நிக்குது. நீளம் 600 மீட்டருக்கு மேல. ஒவ்வொரு வேகன் வாசலுக்கும் லாரி பின்பக்கமா வந்து ஒட்டி நிக்குது. உள்ள வர முடியாத லாரிங்க ரோட்டுல வரிசை கட்டி நிக்குது. ஒரு வேகனுக்கு கிட்டத்தட்ட 1,200 சிப்பம். மொத்த வண்டிக்கும் 50,000 சிப்பம். அவ்வளவும் ஆளு முதுகுலதான் ஏறணும். குறிச்ச நேரத்துக்குள்ள ஏத்தி முடிக்கலன்னா ரயில்வேக்கு டெமரேஜ் கட்டணும். அதனால லோடுமேனுங்க நடக்கல, ஓடுறாங்க.

டீ குடிக்க வெளிய வந்த ஒரு பெரியவர்கிட்ட பேச்சுக் குடுத்தேன். என்னைவிட மூத்தவரா இருப்பாரு. தோள்ல காய்ச்சுப் போயி தோலு மாட்டுத் தோலு மாதிரி இருந்துச்சு.

"அண்ணே, இது எந்த ஊரு நெல்லு?"

"எல்லா ஊரும்தான் தம்பி. லாரி வர்ற வரிசைக்கு ஏத்துவோம். உன் நெல்லு எதுன்னு தேடுறியா?"

"தேடினா கிடைக்குமா?"

"சாக்கு வாய் தைச்சிட்டா எல்லாம் ஒண்ணுதான். ஆனா தூக்குனா எனக்குத் தெரியும். காஞ்ச நெல்லு தோள்ல கலகலன்னு உக்காரும். ஈர நெல்லு பொணம் மாதிரி கிடக்கும். சில சாக்கு சுடும். உள்ள வேவுதுன்னு அர்த்தம்."

நகரத்துல இருக்குறவங்களுக்கு இந்தச் சூடு புரியணும்னா கொஞ்சம் சொல்லணும். நெல்லுக்கு உசுரு உண்டு. மூச்சு விடும். ஈரம் இருந்தா வேகமா விடும், சூடு கிளம்பும். அதனாலதான் கொள்முதலுக்கு 17 சதவீத ஈரப்பதம்னு அளவு வச்சிருக்காங்க. மழைக் காலத்துல அந்த அளவைக் கொஞ்சம் தளர்த்துவாங்க, அப்பவும் அது ஈர நெல்லுதான். அதைச் சாக்குல கட்டி, அட்டி போட்டு, படுதாவ மூடினா காத்து போவாது. நாலு நாள்ல உள்ள இருக்குற அரிசி மஞ்சளாவும். இன்னும் கிடந்தா கறுக்கும், முளைவிடும். அப்பறம் அதை எந்த மில்லுல கொண்டு போயி அரைச்சாலும் பழைய வெள்ளை வராது. ரேஷன் அரிசி நாறுதுன்னு நீங்க சொல்றீங்க. அவிக்கிறதுக்கு முன்னால ஊற வைக்கிற தண்ணிய மாத்தாம விட்டாலும் நாத்தம் வரும், மில்லு மேலயும் தப்பு இருக்கலாம். ஆனா பாதி நாத்தம் சாக்குத் தைச்ச நாளுக்கும் வேகன் கதவு மூடுற நாளுக்கும் நடுவுலயே ஏறிடுது.

மாப்ள வேகன் நம்பரப் படம் எடுத்துக்கிட்டு இருந்தான். பதினோரு எண் எழுதியிருக்கு. அதுல அஞ்சாவது ஆறாவது எண் வேகன் செஞ்ச வருசமாம். அவன் சொன்னதுக்கு அப்பறம் எனக்கு வேடிக்கையா போச்சு. ஒண்ணு ஒண்ணா படிச்சிக்கிட்டே நடந்தேன். 08ன்னு ஒண்ணு. அது நிஷா புயல் வந்து சம்பாவ முழுகடிச்ச வருசம். அடுத்தது 11. ரொம்ப காலம் ரயிலே இல்லாம கிடந்த மன்னார்குடிக்குத் திரும்ப ரயில் வந்த வருசம். 18ன்னு ஒண்ணு. அது கஜா. தென்னையெல்லாம் வேரோட சாஞ்சு கிடந்தது கண்ணுக்குள்ள வந்துச்சு. மாப்ளக்கு அது வேகன் நம்பர். எனக்கு அது வெள்ளாமைக் கணக்கு.

லாரிக்கும் வேகனுக்கும் நடுவுல சிந்துற நெல்ல மூணு நாலு பொம்பளைங்க விளக்குமாறால கூட்டி முறத்துல அள்ளிக்கிட்டு இருந்தாங்க. புடைச்சு, கல்ல நீக்கி, ஒரு பழைய சாக்குல சேக்குறாங்க. மாப்ள கேமராவத் தூக்கினதும் ஒரு அம்மா முந்தானைய இழுத்து மூஞ்சிய மறைச்சிக்கிச்சு. "வேணாம்டா, கையை மட்டும் எடு"ன்னேன். அந்த அம்மாவே சிரிச்சிட்டு முறத்த நீட்டுச்சு. அன்னைக்கு எடுத்த படத்துலயே எனக்குப் பிடிச்ச படம் அதுதான். முறம், ரெண்டு கை, பின்னால மங்கலா ஒரு வேகன் சக்கரம்.

சாப்பாடு வீட்டுல இருந்து கட்டிக்கிட்டுப் போன புளிச்சோறு. ரெண்டு மணிக்கு மேல ஒவ்வொரு கதவா மூடி, கம்பி போட்டு முறுக்கி, சீல் வச்சாங்க. கதவு மூடுற சத்தம் ஒரு கோடியில இருந்து இன்னொரு கோடி வரைக்கும் வந்துக்கிட்டே இருந்துச்சு. எலக்ட்ரிக் இன்ஜின் வந்து சேந்துச்சு. பிரேக்கச் சோதிச்சுப் பார்த்தாங்க. நாலு மணி சொச்சத்துக்கு சிக்னல் விழுந்துச்சு. நீடாமங்கலம் கேட்டு மூடுச்சு, ரோட்டுல ரெண்டு பக்கமும் பஸ்ஸும் லாரியும் காரும் தேங்கிப் போச்சு. ஆரன் அடிக்காத ஆளு நாங்க ரெண்டு பேருதான், ஏன்னா கேட்டுக்குத் தஞ்சாவூர் பக்கம் முன்னாலயே வந்து நின்னுட்டோம்.

வண்டி நகர்ற விதம் ஒரு அழகு. இன்ஜின் இழுக்கும்போது முதல் வேகன் அசையுது, அடுத்தது, அடுத்தது, அப்படியே கொக்கி இழுபடுற சத்தம் கடைசி வரைக்கும் ஓடுது. ஏர்ல மாட்டைக் கட்டி முதல் அடி எடுத்து வைக்கிறப்ப நுகத்தடி முறுகுற சத்தம் ஞாபகம் வந்துச்சு. நெல்லு மட்டும் 2,000 டன். வேகனோட எடை அதுக்கு மேல சுமார் ஆயிரம் டன். "வேகம் எடுக்குறதுக்குள்ள போயிரணும் மாமா, கிளம்புங்க"ன்னு முதுகுல தட்டினான்.

தஞ்சாவூர் ரோடும் தண்டவாளமும் இந்தப் பக்கம் கூடவே வர்ற பங்காளிங்க மாதிரி. சில இடத்துல ஒட்டி வரும், சில இடத்துல வயலுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கிப் போவும். என் ஸ்பிளெண்டர முறுக்கிக்கிட்டு கோயில்வெண்ணி வந்து நின்னோம். சர்க்கரை வியாதிக்காரங்க வேண்டிக்கிட்டு வர்ற கரும்பேஸ்வரர் கோயில் இருக்குற ஊர். கரிகால் சோழன் சேர பாண்டியங்கள ஜெயிச்ச வெண்ணிப் போரு இங்கதான் நடந்துச்சுன்னு சொல்லுவாங்க. இப்ப அந்த மண்ணுல உளுந்து நிக்குது. அறுக்குறதுக்குப் பத்து நாள் முன்னால நெல்லுக்குள்ளயே உளுந்தத் தெளிச்சி விட்டிடுவோம். நெல்லு போன பிறகு அடித்தாளுக்கு நடுவுல அது பனி ஈரத்துலயே வளந்துக்கும். மஞ்சப் பூ பூத்த உளுந்து வயல், அதுக்குப் பின்னால செம்பழுப்பு நிறத்துல வேகன் வரிசை. மாப்ள படபடன்னு எடுத்துத் தள்ளினான். நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். நாப்பத்திரெண்டு, கடைசியா பிரேக் வேன்.

அம்மாப்பேட்டைக்கு முன்னால மாட்டிக்கிட்டோம். ரோட்டுல வாத்து. அறுப்பு முடிஞ்ச வயல்ல சிந்துன நெல்ல மேய்க்கிறதுக்கு வெளியூர்ல இருந்து வாத்துக்காரங்க வருவாங்க. ஆயிரத்துக்குக் குறையாது, ஒரு பக்கத்து வயல்ல இருந்து அடுத்த பக்கத்துக்கு ரோட்டக் கடக்குது. பஸ் நிக்குது, கார் நிக்குது, நாங்க நிக்கிறோம். தூரத்துல எங்க வண்டி ஊதிக்கிட்டே போவுது. மாப்ள தவிச்சிப் போயிட்டான்.

"போச்சு மாமா, அவ்வளவுதான்."

"ஒத்தத் தண்டவாளம்டா. எதிர்ல பாசஞ்சர் வந்தா இவன்தான் ஒதுங்கணும். நெல்லு என்னைக்கு முதல்ல போயிருக்கு? சாலியமங்கலத்துல நிப்பான் பாரு."

நான் சொன்னபடியே சாலியமங்கலத்துல பக்கத்து லைன்ல ஒதுக்கி நிறுத்தியிருந்தாங்க. கடைசி பிரேக் வேன் கேட்டுப் பக்கமா நின்னுச்சு. கார்டு கீழ இறங்கி நின்னுக்கிட்டு இருந்தாரு. இப்ப அவங்களுக்கு டிரெயின் மேனேஜர்னு பேரு மாத்திட்டாங்க. எங்களைப் பார்த்துட்டு, "என்னய்யா, நீடாமங்கலத்துல இருந்து கூடவே வர்றீங்க?"ன்னாரு.

"உள்ள எங்க நெல்லு இருக்குது சார்."

"எல்லாம் உங்களுதா?"

"112 சிப்பம். இந்த வண்டியிலதான் இருக்குதா, போன வண்டியில போச்சான்னுதான் தெரியல."

அவரு சிரிச்சாரு. அப்பறம் சிரிப்ப நிறுத்திட்டுச் சொன்னாரு: "எங்கப்பாவும் நெல்லு போட்டவருதான். திருநெல்வேலி போவுது. நல்லபடியா கொண்டு போயி விட்டுடுறோம்."

பொண்ணக் கட்டிக் குடுத்து அனுப்புறப்ப சம்பந்தி சொல்ற மாதிரி இருந்துச்சு. எனக்கு ஏனோ பேச்சு வரல. மாப்ள, "ஒரு படம் எடுத்துக்கவா சார்?"ன்னான். டியூட்டியில இருக்கேன், ஆள எடுக்காதீங்க, வண்டிய எடுத்துக்குங்கன்னாரு. சரின்னு கடைசியில மாட்டியிருந்த எல்.வி. பலகையத்தான் எடுத்தான். இதுக்குப் பின்னால வேற பெட்டி இல்ல, வண்டி முழுசா வந்துடுச்சுங்கிறதுக்கு அடையாளம் அது.

பாசஞ்சர் வந்து போச்சு. அரை மணி கழிச்சு எங்க வண்டிக்குப் பச்சை விழுந்துச்சு. தஞ்சாவூருக்கு முன்னால ஒரு கேட்டுல மறுபடி பிடிச்சோம். வெயில் சாஞ்சு, இன்ஜின் விளக்கப் போட்டுட்டாங்க. அதுக்கு மேல துரத்த பெட்ரோலும் இல்ல, வெளிச்சமும் இல்ல. அந்த வண்டி திருச்சி, திண்டுக்கல், மதுரை, விருதுநகர்னு ராத்திரி முழுக்கப் போயி தெக்க சேரணும். கடைசி பிரேக் வேன்ல சிவப்பு விளக்கு சின்னதாகிக்கிட்டே போச்சு.

இந்தத் தடத்துக்கு வயசு 160க்கு மேல. நாகப்பட்டினத்துல இருந்து தஞ்சாவூருக்கு 1861லயே ரயில் விட்டுட்டாங்க. அந்தக் காலத்துல தஞ்சாவூர் அரிசி நாகப்பட்டினம் துறைமுகம் போயி, கப்பல்ல இலங்கைக்குப் போச்சு. இப்ப காரைக்கால் துறைமுகத்துல இருந்து நிலக்கரி மேற்க போவுது, நெல்லும் மேற்க போவுது. திசை மாறிப் போச்சு. நெல்லு ஊரை விட்டுப் போறது மட்டும் மாறல.

திரும்பி வர்ற வழியில சாலியமங்கலத்துல டீ குடிச்சிக்கிட்டே கணக்குப் போட்டோம். 50,000 சிப்பம், சிப்பம் ஆயிரம் ரூபான்னா 5 கோடி ரூபா நெல்லு அந்த ஒரு வண்டியில போவுது. நூறு கிலோ நெல்லப் புழுங்கலா அரைச்சா 68 கிலோ அரிசி வரணும்னு அரசாங்கக் கணக்கு. அப்படின்னா 1,360 டன் அரிசி. மாசம் 20 கிலோ வாங்குற அட்டைன்னு வச்சா 68,000 அட்டைக்கு ஒரு மாச அரிசி. மாப்ள செல்போன்ல போட்ட கணக்க நான் மனசுலயே போட்டுட்டேன். அவனுக்கு அதுல ஆச்சரியம். எனக்கு அவ்வளவு அரிசியும் ரெண்டு நாள் முன்னால வரைக்கும் படுதாவுக்கு அடியில கிடந்துச்சேங்கிறதுதான் மனசுல ஓடுச்சு.

"இங்கேயே அரைச்சா என்ன மாமா? எதுக்குத் திருநெல்வேலி வரைக்கும் போகணும்?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனா எங்க பக்கம் அறுப்பு ரெண்டு மாசத்துல மொத்தமா வந்து விழுது. இங்க இருக்குற மில்லும் கிடங்கும் அவ்வளவையும் ஒரே நேரத்துல தாங்காது. நெல்லு வெளிய போயித்தான் ஆகணும், மத்த மாவட்டத்து மில்லுல ஆளுக்குக் கொஞ்சமா அரைச்சுத்தான் ஆகணும். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேக்குறது ரெண்டுதான். வண்டி வர்ற வரைக்கும் நெல்லு கிடக்குறதுக்கு மேல ஒரு கூரை. வண்டி சீக்கிரம் வரணும். கூரைன்னா பெரிய கட்டடம் வேணாம், நாலு தூணு நட்டு தகரம் போட்ட மேடை போதும். நெல்லுக்கு விலை ஏத்துறதப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, சந்தோசம். வாங்கின நெல்லு நனையாம போறது விவசாயிக்கு மட்டும் சம்பந்தப்பட்டது இல்ல. எனக்குக் காசு வந்துடுச்சு. நனைஞ்சா நஷ்டம் அந்த 68,000 அட்டைக்காரங்களுக்குத்தான்.

அடுத்த தடவை நீங்க தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் வந்து ஏதாவது கேட்டுல மாட்டிக்கிட்டா, கதவு மூடி சீல் வச்ச நீளமான சரக்கு வண்டி போச்சுன்னா, ஆரன் அடிக்காதீங்க. பாதி நாள் அதுல உங்க வீட்டு இட்லி அரிசிதான் போவுது.

மாப்ள ஊருக்குப் போயி 340 படம் அனுப்பினான். வீட்டுல அத்தனையும் உக்காந்து பார்த்தாங்க. உளுந்து வயல் படத்துல நின்னு, "நம்ம வயலுக்கும் இப்படித்தானே பூத்திருக்கு, மருந்து அடிக்கணும்னு சொன்னீங்களே"ன்னு கேட்டாங்க. ஆமா, அசுவினி இறங்கியிருக்கு. நாளைக்குக் காலையில முதல் வேலை அதுதான்.